பேசாத மட்சுயாமாவை எனக்கு ஏன் பிடிக்கும்?

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஆட்டத்தைவிடவும் அவசரமாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு. ஆடியவர் சொன்ன ஒரு வரி. "இந்த வெற்றி எங்க அப்பாவுக்கு", "என்னை ஒதுக்கினவங்களுக்கு இதுதான் பதில்" என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் தலைப்பு ரெடி. டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு ஷிஃப்ட்டுக்கு ஏழெட்டுச் செய்தி ஏற்ற வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரிதான் சோறு.

அந்தச் சோற்றில் மண்ணள்ளிப் போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். ஜப்பான் கோல்ஃப் வீரர் ஹிடேகி மட்சுயாமா.

2017-ல் உலகத் தரவரிசையில் 2-ம் இடம் வரை போனவர். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரு தகவல் சொன்னார். ஜனவரியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது, ஜூலையில் பெண் குழந்தையும் பிறந்துவிட்டது என்று! போட்டிக்குப் போட்டி ஜப்பான் நிருபர்கள் கூட்டமாகப் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்த காலம் அது. ஒருவருக்கும் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம தெருவுல ஒரு பொண்ணு பார்க்க வந்தாலே சாயந்தரத்துக்குள்ள பத்து வீட்டுக்குத் தெரிஞ்சுடுது. பிள்ளை பெத்துட்டுச் சொல்றாரா? கெட்டிக்காரர்தான்" என்றார். அம்மாவுக்கு கோல்ஃப் பற்றி அதற்கு மேல் அக்கறை இல்லை.

எனக்கும் 2021 வரை இல்லைதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-ம் தேதி காலையில், டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் பதக்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேர்டி என்றால் என்ன, போகி என்றால் என்ன என்று நாடே கூகுளில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு ஷாட்டில் பதக்க வாய்ப்பு நழுவி, அதிதி 4-வது. அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றுவிட, நாடு கோல்ஃபை மறந்துவிட்டது.

நான் மறக்கவில்லை. இதழியல் டிப்ளமோவை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்த நேரம். வேறு வேலையும் இல்லை. அந்த மைதானத்தின் பெயரைத் தேடினேன். கசுமிகசெகி கன்ட்ரி கிளப், சைதாமா மாகாணம். ஒரு வாரம் முன்பு அதே புல்லில் ஆண்கள் போட்டி. அதில் வெண்கலத்துக்கு மட்டும் ஏழு பேர் சமநிலையில் நின்று, கூடுதல் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். முதல் கூடுதல் குழியிலேயே வெளியேறியவர்களில் ஒருவர் மட்சுயாமா. சொந்த நாட்டு ஒலிம்பிக். கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத மைதானம். அதற்கு நாலு மாதம் முன்புதான் அவர் ஜப்பானையே அழவைத்திருந்தார். ஒரு மாதம் முன்புதான் கொரோனா வந்து எழுந்திருந்தார்.

அப்படித்தான் இவர் எனக்குப் பழக்கமானார். பழக்கம் என்றால் ஒரு பக்கத்துப் பழக்கம். அவர் பேசுவது ஜப்பானிய மொழி. நான் பார்ப்பது அவர் அடிப்பதை.

அடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப்பைப் பின்னால் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோனதும் அங்கேயே ஒரு கணம் நிறுத்துவார். மற்றவர்களுக்கு அது ஒரே வீச்சு. இவருக்கு நடுவில் ஒரு மூச்சு. அடித்த பிறகு இன்னொரு வேடிக்கை. ஒரு கையை கிளப்பிலிருந்து விட்டுவிடுவார், முகம் சுளிப்பார், தலை தொங்கும். பந்து எங்கோ புதருக்குள் போய்விட்டது போலிருக்கும். கேமரா பந்தைக் காட்டும். கொடிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்! டி.வி வர்ணனையாளர்கள் இதில் ஏமாந்து ஏமாந்து, இப்போது அவர் முகத்தை நம்புவதையே விட்டுவிட்டார்கள்.

1992-ல், ஷிகோகு தீவின் மட்சுயாமா நகரத்தில் பிறந்தவர். (ஆமாம், ஊர்ப்பெயரும் அவர் பெயரும் ஒன்றுதான்.) நாலு வயதில் அப்பா கையைப் பிடித்து கோல்ஃபுக்கு அழைத்துவந்தார். ஜப்பானில் அது அதிசயமில்லை. 2,000-க்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் உள்ள நாடு. நகரத்து நடுவில் பச்சை வலை கட்டி, மாடி மாடியாக நின்று பந்தடித்துப் பழகும் இடங்கள் உண்டு. ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்துவிட்டால் நண்பர்களுக்கெல்லாம் விருந்து, பரிசு என்று அடித்தவர் செலவு செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்தச் செலவுக்குப் பயந்து இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சத்தியமாக!

இவ்வளவு ஆசை வைத்திருந்த நாட்டில், ஆண்கள் யாருக்கும் ஒரு 'மேஜர்' பட்டம் கிடைத்ததில்லை. மேஜர் என்பது டென்னிஸின் கிராண்ட்ஸ்லாம் மாதிரி, ஆண்டுக்கு நான்கு. பெண்கள் முந்திவிட்டார்கள். 1977-லேயே ஹிசாகோ ஹிகுச்சி, 2019-ல் சிரித்துக்கொண்டே ஆடி பிரிட்டிஷ் ஓபனை வென்ற ஹினாகோ ஷிபுனோ. ஆண்களில் இசாவோ அவோகி 1980 யு.எஸ் ஓபனில் ஜாக் நிக்லஸிடம் தோற்று 2-வது வந்தார். 'ஜம்போ' ஒசாகி ஜப்பான் டூரில் 94 பட்டங்கள் வென்றார். மேஜர் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. சுனெயுகி நகாஜிமா 1978 மாஸ்டர்ஸில், ஐந்து அடியில் முடிக்க வேண்டிய 13-வது குழியில் 13 அடி அடித்து, அதனாலேயே உலகப் புகழ் பெற்றார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

2010-ல் மட்சுயாமா கல்லூரி மாணவர். செண்டாய் நகரத்தில் தொஹோகு ஃபுகுஷி பல்கலைக்கழகம். அந்த அக்டோபரில் ஆசிய அமெச்சூர் போட்டியை வென்றார். நடந்த இடம் அதே கசுமிகசெகி. அதற்குப் பரிசு, அமெரிக்காவின் அகஸ்டாவில் அடுத்த ஏப்ரல் நடக்கும் மாஸ்டர்ஸில் ஆட ஓர் இடம். 

நடுவில் 2011 மார்ச் 11 வந்தது.

9.0 அளவு நிலநடுக்கம். அதன்பின் சுனாமி. மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று செண்டாய் இருக்கும் மியாகி மாகாணம். மட்சுயாமா அப்போது கல்லூரி அணியோடு ஆஸ்திரேலியாவில் பயிற்சியில் இருந்தார். திரும்பி வந்தால், விடுதி அறை தலைகீழாகக் கிடக்கிறது. ஊரே கிடக்கிறது. சுனாமி என்ற சொல் நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. அந்த நிலையில் 19 வயதுப் பையன், சில வாரங்களில், உலகத்திலேயே அழகான புல்தரை என்று பேரெடுத்த ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பந்து அடிப்பதா?

போவதா வேண்டாமா என்று தவித்திருக்கிறார். கடிதங்களும் ஃபேக்ஸுமாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து குவிந்தன. 'போய் ஆடு' என்றன. வீடு இழந்த ஊர்க்காரர்களும் எழுதியிருந்தார்கள். போனார். இரண்டு நாள் ஆட்டத்தில் பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். அந்த ஆண்டு அமெச்சூர்களில் அதைத் தாண்டியவர் இவர் ஒருவர் மட்டுமே. 27-வது இடம். சிறந்த அமெச்சூருக்கான வெள்ளிக் கோப்பை.

ஊர்க்காரர்களால்தான் வந்தேன், அவர்களுக்கு நன்றி என்று பேசினார். இதைவிட உருக்கமான செய்தி எந்த டெஸ்க்குக்கும் கிடைக்காது. ஆனால், பிறகு வந்த ஆண்டுகளில் அந்தக் கதையை அவராக எடுத்து விற்றதே இல்லை. கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் இல்லை, கல்யாணம் மாதிரியே.

2013-ல் தொழில்முறை வீரரானார். முதல் ஆண்டிலேயே ஜப்பான் டூரின் பரிசுப்பண வரிசையில் முதலிடம். அதுவரை எந்தப் புதுமுகமும் செய்யாதது. 2014-ல் அமெரிக்காவில் மெமோரியல் பட்டம், 2016-லும் 2017-லும் ஃபீனிக்ஸ் ஓபன், ஷாங்காயில் ஏழு ஷாட் வித்தியாசத்தில் ஒரு வெற்றி... இந்த வரிசையை இதோடு விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது 2017 ஆகஸ்ட்.

அந்த மாதம் முதல் வாரம், ஒஹையோவில் கடைசி நாளில் 61 அடித்துப் பட்டம். அடுத்த வாரமே பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப் மேஜர். கடைசி நாள் 10-வது குழியில் பேர்டி; முன்னிலை. ஜப்பானில் விடியற்காலையில் மக்கள் டி.வி முன்னால். அடுத்த மூன்று குழிகளிலும் போகி. 5-வது இடம். வெளியே வந்தால், ஆடிய ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிற அதே நிருபர்கள், அதே மைக்குகள். நின்று பதில் சொல்ல முயன்றார். அழுதுவிட்டார்.

அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவரைப் பார்க்கிறேனா, மைக்குகளைப் பார்க்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஏனென்றால், அந்த மைக் பிடிக்கிற கைதான் என் வேலை.

நான் அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. பள்ளியில் ரிப்போர்ட் கார்டில் 'அமைதியானவள்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அம்மா அதைப் பெருமையாக வைத்துக்கொண்டார். நான் இதழியல் படிக்கப் போகிறேன் என்றதும் அதே சொல்லைக் கவலையாகச் சொன்னார். "நாலு பேர்கிட்ட வாயைத் திறந்து கேட்கணுமேடி." படிக்கும்போது, வகுப்பெடுக்க வந்த ஒருவர் என்னை எழுப்பி நிறுத்தி, 'இந்தக் குரலை வெச்சுக்கிட்டு பைட் வாங்க முடியாதும்மா' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நம் ஊரைச் சேர்ந்த ஓர் இளம் வீராங்கனை, யார் என்று சொல்ல வேண்டாம், பெரிய போட்டி ஒன்றுக்கான தேர்வில் நூலிழையில் வெளியேறிவிட்டார். "உடனே போன் போட்டு ரெண்டு வரி வாங்கு. அழுதா இன்னும் நல்லது" என்று டெஸ்க்கில் சொன்னார்கள். இது எல்லா டெஸ்க்கிலும் சொல்வதுதான். போன் செய்தேன். எடுத்தது அவரேதான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அக்கா, நாளைக்குப் பேசட்டுமா?" என்றார். "சரிம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று இரவே வேறு இரண்டு தளங்களில் அந்தப் பெண்ணின் அழுகை வந்துவிட்டது. என் சீஃப் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததே சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் காலை அந்தப் பெண்ணே போன் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பாதி நேரம் ஷூவைப் பற்றி. ஒரே ஷூவைப் பயிற்சிக்கும் போட்டிக்கும் போடுவதால் கால்விரல் நகம் கழன்றுவிடுவதைப் பற்றி. அதை எழுதினேன். பேஜ் வியூஸில் அழுகைச் செய்தியின் கால் தூசுக்கு வராது. அந்தப் பெண் இப்போதும் பண்டிகைக்கு மெசேஜ் அனுப்புகிறார்.

மட்சுயாமாவுக்கு வருகிறேன். 2017-க்குப் பிறகு மூன்றரை ஆண்டுகள் ஒரு பட்டமும் இல்லை. கழுத்து வலி, கை வலி. தவிர, பட் சரியில்லை. அதாவது, கடைசியில் மெல்லத் தட்டிக் குழிக்குள் தள்ள வேண்டிய பந்து உள்ளே போக மறுக்கிறது. 2021 தொடக்கத்தில், அதுவரை பயிற்சியாளரே வைத்துக்கொள்ளாதவர், ஹிடெனோரி மெசாவாவைச் சேர்த்துக்கொண்டார். ஏப்ரல் மாஸ்டர்ஸ் வந்தது.

கொரோனா காரணமாக அந்த முறை அகஸ்டாவில் நிருபர்களுக்குக் கட்டுப்பாடு. வழக்கமாக வரும் ஜப்பான் கூட்டத்தில் சிலர்தான் உள்ளே. சனிக்கிழமை நடு ஆட்டத்தில் இடியும் மழையும், ஆட்டம் நின்றது. ஒரு மணி நேரத்துக்கும் மேல். மற்றவர்கள் சாப்பிடவோ பேசவோ போக, இவர் காரில் போய் உட்கார்ந்து போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார். மழை விட்டதும் வந்து, மிச்சமிருந்த எட்டுக் குழிகளில் ஆறு ஷாட் குறைவாக அடித்து, 65-ல் முடித்தார். நான்கு ஷாட் முன்னிலை.

அன்று மாலை பேட்டியில் சொன்னதுதான் எனக்கு மறக்காதது. நிருபர்கள் வந்து எழுதுவதில் சந்தோஷம்தான், ஆனால் நின்று கேள்விக்குப் பதில் சொல்வது தனக்குப் பிடித்த வேலை இல்லை, இந்த வாரம் ஆட்கள் குறைவு என்பதால் மன அழுத்தம் குறைவாக இருக்கிறது, வாரத்தை ரசிக்க முடிகிறது. நிருபர்கள் முகத்துக்கு நேராக, மரியாதையாக, மொழிபெயர்ப்பாளர் பாப் டர்னர் வழியாக!

சிலருக்கு அது தலைக்கனமாகப் பட்டிருக்கலாம். எனக்குப் படவில்லை. 2017-ல் அழுதுகொண்டே மைக் முன் நின்ற மனிதர், நாலு ஆண்டு கழித்துச் சொன்ன பதில் என்றுதான் அதை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தொழில் இல்லாத இடத்தில் ஒருவர் நன்றாக ஆடுகிறார் என்றால், அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது எங்களுக்கு நல்லது.

ஞாயிறு அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் குழியிலேயே பந்து மரங்களுக்குள் போய், போகி. பிறகு நிதானமாகி முன்னிலையைக் கூட்டினார். 15-வது குழியில், பாதுகாப்பாக ஆடினாலே போதும் என்ற நிலையில், இரண்டாவது ஷாட்டையே புல்மேடைக்கு அடித்தார். பந்து மேடையைத் தாண்டி ஓடி, பின்னாலிருந்த குளத்தில் விழுந்தது. கூட ஆடிய ஸாண்டர் ஷாஃப்லி தொடர்ந்து நாலு பேர்டி அடித்து இரண்டு ஷாட் தூரத்துக்கு வந்துவிட்டார். இந்த ஷாஃப்லியின் அம்மா வளர்ந்தது ஜப்பானில். அடுத்த குழியில் ஷாஃப்லியின் பந்தும் தண்ணீருக்குள் போனது. மூன்று ஷாட் நஷ்டம். அங்கேயே முடிந்தது அவர் கதை. (நாலு மாதம் கழித்து, கசுமிகசெகியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் இதே ஷாஃப்லிதான். கணக்கு நேர்!)

கடைசிக் குழியில் போகி அடித்தும், ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வில் ஸலடோரிஸை முந்தி வென்றார் மட்சுயாமா. ஜப்பானிய ஆண்களில் முதல் மேஜர். ஆசியாவில் பிறந்தவர்களில் மாஸ்டர்ஸ் வென்ற முதல் ஆள். குதிக்கவில்லை, கத்தவில்லை. தொப்பியைத் தூக்கினார், கை கொடுத்தார், நடந்தார்.

ஜப்பானில் அப்போது திங்கள்கிழமை காலை. டி.பி.எஸ் சேனலின் வர்ணனையாளர்களுக்குப் பேச்சு வரவில்லை. சில நொடிகள் வெறும் விசும்பல் மட்டும் ஒலிபரப்பானது. அழுதவர்களில் ஒருவர், 43 ஆண்டுகளுக்கு முன்பு அதே அகஸ்டாவில் ஒரே குழியில் 13 அடி அடித்த நகாஜிமா.

எல்லோரும் கேமராவோடு மட்சுயாமா பின்னால் ஓட, அவருடைய கேடி ஷோடா ஹயாஃபுஜி மட்டும் பின்தங்கினார். கேடி என்பவர் பையைச் சுமந்து, தூரம் கணக்கிட்டு, கூடவே நடக்கும் உதவியாளர். கல்லூரியில் இவருக்கு ஜூனியர். கொடிக்கம்பை எடுத்துக்கொண்டுபோய்க் குழியில் திரும்பச் செருகினார். தொப்பியைக் கழற்றினார். காலி மைதானத்தைப் பார்த்து இடுப்பு வளைய ஒரு வணக்கம் வைத்தார். ஏதோ ஒரு கேமரா அதைப் பிடித்துவிட்டது. அன்றைய வெற்றியை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நொடிகளால்தான். அதிலும் வசனம் கிடையாது.

மறுநாள் இன்னொரு படம் வந்தது. அட்லாண்டா விமான நிலையம். மட்சுயாமா சாதாரணப் பயணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோல்ஃப் உலகமே ஏங்கும் அந்தப் பச்சை ஜாக்கெட், டிரைகிளீனிங் கடையிலிருந்து வாங்கிவந்த கோட் போல நாற்காலி மேல் கிடக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வாரிக்கொண்டுதான் இருக்கிறார். 2021 அக்டோபரில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஸோஸோ சாம்பியன்ஷிப். 2024-ல் ரிவியேராவில், ஆறு ஷாட் பின்தங்கியிருந்து கடைசி நாள் 62. அதே ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலம். கசுமிகசெகியில் தவறவிட்ட அதே நிறம். திரும்பும் வழியில் லண்டனில் திருட்டு. இவர் பர்ஸ் போனது. ஹயாஃபுஜி, பயிற்சியாளர் இருவரின் பாஸ்போர்ட்டும் போய், அவர்கள் ஜப்பானுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தற்காலிக கேடியை வைத்துக்கொண்டு மெம்ஃபிஸில் ஆடி, அதையும் வென்றார். எங்கள் தளத்தில் வெண்கலத்தைவிட பர்ஸ் திருட்டுக்குத்தான் கிளிக் அதிகம், என்ன செய்ய! 2025 ஜனவரியில் ஹவாயில் நான்கு நாளில் பாருக்கு 35 ஷாட் குறைவு. பி.ஜி.ஏ டூர் வரலாற்றில் அதுவரை யாரும் எட்டாத எண்.

ஆனால், இவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் 2022 ஏப்ரலில் இருக்கிறது.

மாஸ்டர்ஸில் ஒரு வழக்கம். முந்தைய ஆண்டு வென்றவர், பழைய சாம்பியன்களுக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை இரவு விருந்து வைக்க வேண்டும். மெனு அவர் இஷ்டம். மட்சுயாமா சுஷி, யாகிடோரி, மிஸோ தடவிச் சமைத்த மீன், மியாசாகி மாட்டிறைச்சி, கடைசியில் ஸ்ட்ராபெர்ரி கேக் என்று ஜப்பானையே மேஜைக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டுக்கு முன் விருந்தளிப்பவர் எழுந்து பேச வேண்டும்.

அவர் எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லை. கையில் காகிதமும் இல்லை. மனப்பாடம் செய்து வந்திருந்த பேச்சை முழுக்க ஆங்கிலத்தில் பேசினார். பத்தாண்டுகளாக அவர் வாயிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் ஆங்கிலம் கேட்டிராத ஜாம்பவான்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். மறுநாள் அவர்கள் சொல்லித்தான் வெளியே தெரியும்.

அந்த அறைக்குள் நிருபர்களுக்கு அனுமதி கிடையாது.